எத்தனை தடவைக்கு ஒருக்கா சீவணும்?

தோட்டத்துக்கும் தோட்டாவுக்கும் வாலில்தான் வித்தியாசம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் அடிக்கடி கடி ஜோக் அடிப்பான். நாங்களும் அவனை ஓட்டுவோம். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போது அது அவ்வளவு கடியாகத் தெரியவில்லை.

போன தீபாவளி லீவில் ஸ்பிரிங்வெளியில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் கூடியிருந்தோம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவளுடைய சித்தப்பா வந்திருந்தார். அங்கே ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பில் அவர் உறுப்பினர். லைசன்ஸ் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கடதாசி இலக்கைச் சுடுகிறவர். மிருகத்தைச் சுடுவதில்லை என்பதை எங்கள் கேள்விக்கு முன்பே சொல்லிவிட்டார். அவருக்குச் சுடுவதைவிடப் பிடித்த வேலை, சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, திரும்ப மருந்து அடைப்பது. ஃபோனில் படம் காட்டினார். மேசைமேல் வரிசையாகப் பித்தளைக் கோதுகள், பக்கத்தில் ஒரு சின்னக் கடைசல் கருவி. கோதின் வாயை அதில் வைத்துச் சுற்றினால் மயிரிழை அளவு பித்தளை சீவிக்கொண்டு வருமாம்.

தோழி கேட்டாள்: "எத்தனை தடவ சுட்டா இத சீவணும் சித்தப்பா?"

"அத நான் சொல்ல ஏலாதும்மா. கோதுதான் சொல்லணும்."

மழுப்புகிறார் என்று நினைத்தோம். ஆனால் அன்றைக்கு இரவு பத்து மணி வரைக்கும் பேச்சு அதிலேயே போனது. வெளிநாட்டுப் பொழுதுபோக்குக்காரர்களின் சின்னச் சச்சரவு மாதிரி தெரியும் இந்தக் கேள்விக்குள், எங்கள் மலைக்குத் தேவையான ஒரு விசயம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பித்தளை எங்கே நீளுகிறது?

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். ஒரு தோட்டாவில் நாலு பாகம். முன்னால் பறந்துபோகும் ரவை. உள்ளே மருந்து. அடியில் தட்டினால் தீப்பொறி விடும் பிரைமர். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கோது. ரவை போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கோது மட்டும் மிஞ்சும். தோட்டாவில் விலை கூடிய பாகமும் பெரும்பாலும் அதுதான். அதனால்தான் திரும்பப் பாவிக்கிறார்கள்.

சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கோது பலூன்போல் விரிந்து, துவக்கின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்குகிறது. ஆனால் பழைய அளவுக்கு வருவதில்லை. மறுபடி அடைக்க வேண்டுமென்றால் அதை ஓர் இரும்பு அச்சுக்குள் அழுத்தி, விரிந்த உடம்பைத் திரும்ப ஒடுக்க வேண்டும். பக்கவாட்டில் ஒடுக்கிய பித்தளை எங்கேயாவது போக வேண்டுமே? ரொட்டி மாவைக் கைக்குள் பிடித்து இறுக்கினால் விரல் இடுக்கில் பிதுங்குகிற மாதிரி, அது மேல்நோக்கி, வாய்ப்பக்கம் போகிறது. கோது நீளுகிறது.

நீண்டால் என்ன? அறைக்கு ஓர் அளவு இருக்கிறது. அது முடியும் இடத்தில் குழலின் தொண்டை தொடங்குகிறது. கோது அளவைத் தாண்டினால் அதன் வாய் அந்தத் தொண்டையில் போய் இடித்து உட்பக்கம் மடங்கி, ரவையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ரவை கழன்று போக வேண்டிய நேரத்தில் போகாது. மருந்து எரிந்துகொண்டே இருக்கும், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சுடுகிறவரின் கன்னம் அந்த அறைக்கு நாலு விரல்கட்டைத் தூரத்தில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகத்தான் சீவுவது. ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் இரண்டு எண்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, தாண்டவே கூடாத உச்ச நீளம். இன்னொன்று, சீவினால் எதுவரைக்கும் சீவ வேண்டும் என்ற நீளம். .308 வின்செஸ்டர் கோதுக்கு உச்சம் 51.18 மில்லிமீற்றர், சீவும் நீளம் 50.93. .223 ரெமிங்டனுக்கு 44.70, 44.45. இரண்டிலும் இடைவெளி கால் மில்லிமீற்றர்தான். அந்தக் கால் மில்லிமீற்றருக்குள்தான் இந்த விளையாட்டு முழுக்க நடக்கிறது. கோதை அச்சில் ஒடுக்கிய பிறகு அளக்க வேண்டும். முதலில் அளந்துவிட்டுப் பிறகு ஒடுக்கினால் அளந்தது வீண். ஏனென்றால் ஒடுக்கும்போதுதான் அது பெரும்பாலும் நீளுகிறது.

மூன்று கட்சி

சித்தப்பாவின் கிளப்பில் இதுபற்றி மூன்று கட்சி இருக்கிறதாம்.

முதல் கட்சி, "ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் சீவு." இரண்டாவது கட்சி, "மூணு தடவைக்கு ஒருக்கா, நாலு தடவைக்கு ஒருக்கா, கணக்கு வச்சுக்கிட்டு சீவு." மூன்றாவது கட்சி, "ஒவ்வொரு தடவையும் அள. தாண்டினதை மட்டும் சீவு."

நாங்கள் மூன்றாவது கட்சி. ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறோம். கால் மில்லிமீற்றர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, ஒருவருடைய கோது ஒவ்வொரு சுழற்சியிலும் 0.03 மில்லிமீற்றர் நீளுகிறது. அவர் துவக்கின் அறை இறுக்கமானது, மருந்து மிதமானது, கோதின் கழுத்தை மட்டும் ஒடுக்குகிறார். அவருக்கு எட்டுத் தடவை தாங்கும். இன்னொருவருடைய கோது 0.13 நீளுகிறது. அறை தளர்வு, மருந்து கூடுதல், உடம்பு முழுவதையும் ஒடுக்குகிறார். அவருக்கு இரண்டாவது தடவையிலேயே எல்லை தாண்டிவிடும். "நாலு தடவைக்கு ஒருக்கா" என்ற விதி முதலாமவருக்கு வீண் வேலை. இரண்டாமவருக்கு அது ஆபத்து. ஒரே விதி, ஒரே ஊர், ஒரே வகைத் தோட்டா. ஆனாலும் ரெண்டு பேருக்கும் பொருந்தவில்லை.

எண்ணிக்கைக் கட்சி கெட்டவர்கள் இல்லை. அவர்கள் சொல்லும் எண் அவர்களுடைய துவக்கில் சரியாகவே இருக்கலாம். பிழை எங்கே வருகிறது என்றால், தன் மேசையில் அளந்து கண்ட எண்ணை அடுத்தவனுக்கு விதியாகக் கொடுக்கும்போது. வாங்குகிறவனுக்கு எண் மட்டும்தான் வருகிறது. அந்த எண் வந்த வழி வருவதில்லை.

முதல் கட்சியை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. சீவும் கருவியை ஒரு நீளத்துக்குப் பூட்டி வைத்துவிட்டால், அதைவிட நீளமான கோதைத்தான் கத்தி தொடும். குட்டையானது தொடாமல் சும்மா சுற்றிவிட்டு வந்துவிடும். அப்படியென்றால் எல்லாவற்றையும் சீவுவது என்பதும் எல்லாவற்றையும் அளப்பதுதான். இடுக்கிமானிக்குப் பதிலாகக் கத்தி அளக்கிறது. துல்லியமாகச் சுட விரும்புகிறவர்களுக்கு எல்லாக் கோதும் ஒரே நீளம் என்பதும் ஒரு லாபம். ஆகவே முதல் கட்சியும் மூன்றாவது கட்சியும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. இரண்டுமே கோதைக் கேட்கின்றன. கோதைக் கேட்காமல் கலண்டரைக் கேட்கிற ஒரே கட்சி இரண்டாவதுதான்.

இன்னொரு விசயம். சீவிக்கொட்டிய பித்தளை ஆகாயத்தில் இருந்து வரவில்லை. கோதின் உடம்பில் இருந்து வந்தது. அதிலும் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே இருக்கும் சுவர்தான் மெலிகிறது. வாயைச் சீவினால் நீளம் சரியாகிவிடும், ஆனால் அடியில் மெலிந்தது மெலிந்ததுதான். ஒருநாள் சுடும்போது அந்த இடத்தில் வட்டமாகப் பிளந்து, கோதின் தலை தனியாகவும் உடம்பு தனியாகவும் போகும். அனுபவசாலிகள் ஒரு கம்பியின் நுனியை வளைத்து, கோதின் உள்ளே விட்டு, சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கோதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். நாலைந்து தடவை சீவியதை ஒதுக்கிவிடுவது பலருடைய பழக்கம்.

இந்த இடத்தில் எண்ணிக்கைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறோம். எத்தனை தடவை சீவினோம் என்ற கணக்கு, கோது எவ்வளவு உழைத்திருக்கிறது என்று சொல்லும். ஆனால் அது சந்தேகப்படச் சொல்லும் எண்ணே தவிர, நிம்மதியாகத் தூங்கச் சொல்லும் எண் இல்லை.

மழைக்காலத்தில் வெடித்த பித்தளை

இந்தக் கேள்வி எங்கேயோ ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் சொந்தமானது என்று நினைக்க வேண்டாம். பித்தளைக் கோதின் குணம் உலகத்துக்கு விளங்கியதில் நம்முடைய பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பிரித்தானிய இந்தியாவில், ராணுவத்தின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். யாரும் சுடவில்லை, யாரும் தொடவில்லை. ஆனாலும் கோதுகளில் வெடிப்பு விழுந்திருந்தது. மழைக்காலத்தோடு சேர்ந்து வந்ததால் அதைப் 'பருவ வெடிப்பு' என்றார்கள். விடை 1921இல்தான் தெளிவாக வந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து வரும் அமோனியாவும் ஈரமும் வெளியே இருந்து தாக்குகின்றன. கோதைச் செய்யும்போது இழுத்ததிலும் அழுத்தியதிலும் ஏற்பட்ட இறுக்கம் உள்ளேயே தங்கியிருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பித்தளை பிளக்கிறது. மருந்து? மிதமான சூடு காட்டி உள் இறுக்கத்தைத் தளர்த்துவது. இப்போதும் பல ராணுவக் கோதுகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு சூட்டுத் தழும்பு தெரியும். திரும்ப மருந்து அடைக்கிறவர்களும் கழுத்து கடினமாகும்போது இதே வைத்தியத்தைச் செய்கிறார்கள்.

வெளியே பளபளவென்று இருந்த அந்தக் கோதுகளை எத்தனை பேர் எண்ணிக் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்? எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும். உள்ளே இருந்த இறுக்கம் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

.303 கதையும் இப்படித்தான். லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் தோட்டா இது. பிரித்தானியர் ஆண்ட இடமெல்லாம் போனது, சுதந்திரத்துக்குப் பிறகும் இலங்கைப் படைகளின் கையில் நீண்ட காலம் இருந்தது. இதன் அறையைத் தாராளமாக வெட்டினார்கள். போர்க்களத்துச் சேறும் மண்ணும் ஒட்டிய தோட்டாவும் சிக்காமல் உள்ளே போக வேண்டும் என்பது காரணம். ஒரு தடவை சுட்டு எறியும் சிப்பாய்க்கு அது நல்லது. கோதைத் திரும்பப் பாவிக்கிறவருக்கு அதுவே தொல்லை. தளர்வான அறையில் கோது கூடுதலாக விரிகிறது, ஒடுக்கும்போது கூடுதலாக நீளுகிறது, அடி சீக்கிரம் மெலிகிறது. அதனால் .303 அடைக்கிறவர்கள் பலர் உடம்பைத் தொடாமல் கழுத்தை மட்டும் ஒடுக்குவார்கள். கோது அந்தத் துவக்கின் அறைக்கே பழகிவிடும். நீளமும் மெதுவாகத்தான் ஏறும். இதன் உச்ச நீளம் 56.44 மில்லிமீற்றர். ஒரே வருடத்தில் செய்த இரண்டு லீ-என்ஃபீல்ட்களில்கூட அறை ஒரே மாதிரி இருக்காது. பக்கத்து மேசைக்காரரின் எண்ணைக் கடன் வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எங்களுக்கு எதுக்கு இது?

இந்த இடத்தில் வாசிக்கிற நீங்கள் கேட்கலாம்: லயத்துப் பிள்ளைகளுக்கு எதுக்குப்பா துவக்குக் கதை?

நியாயம்தான். எங்கள் ஆட்களுக்குத் துவக்கோடு உள்ள உறவு பெரும்பாலும் குழலின் முன்பக்கத்து உறவு. பதுளை டவுனில் சென்ட் மார்க்ஸ் தேவாலயத்தைத் தாண்டித்தான் எத்தனையோ தடவை பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறோம். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாக எழுந்தது அது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிற ஆள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அவரைப்பற்றி ஊருக்கு ஞாபகம் இருப்பதும் ஓர் எண்தான். பிறகு 1900இல் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைமார் தங்களுக்கென்று 'சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ்' என்ற தொண்டர் படையை வைத்துக்கொண்டார்கள். 1949 வரைக்கும் அது இருந்தது. பகலில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் ஆள், லீவு நாளில் துப்பாக்கி பழகினார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிசின் சூட்டில் கோவிந்தன் விழுந்தார். அதே வருடம் மே மாதம் பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்து ஆட்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆயுதப் பொலிசுக்கு முன்னால் அசையாமல் நின்றார்கள்.

ஆகவே துவக்கைப் பற்றி எழுதும்போது எங்களுக்கு ஆசை எதுவும் இல்லை. ஆனால் ஒரு பொருளுக்கு முன்னால் நின்றவர்கள் அதன் பின்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் இல்லையே.

அதோடு, துவக்கு இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. கிளப்பில் இல்லை. புதருக்குள் இருக்கிறது.

காட்டுப்பன்றி வராத தோட்டம் ஊவாவில் உண்டா? லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளியும் வத்தாளையும் ஒரே ராத்திரியில் போய்விடும். விலங்குகளால் பயிர் போவது நாடு முழுக்கப் பெரிய பிரச்சினையாகி, 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிசம் எல்லோரும் தங்கள் காணியில் நின்று குரங்கையும் பன்றியையும் மயிலையும் எண்ணச் சொன்னது அரசாங்கம். அதுவும் ஓர் எண்ணிக்கைதான். பன்றிக்குப் பதில் சொல்ல வழியில்லாதவர்கள் சிலர் கட்டுத்துவக்கு கட்டுகிறார்கள். ஒரு இரும்புக் குழாய், கையளவு மருந்து, ஈயத் துண்டுகள், பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. விறகுக்குப் போனவரின் காலைப் பிய்த்த செய்தி எங்களுக்குப் புதிது இல்லை. சுட்டுப்போட்ட பழைய வேட்டைத் தோட்டாக் கோதில் கண்மதிப்பாக மருந்து போட்டுத் திரும்ப அடைக்கிற கைகளைப் பற்றியும் சின்ன வயசில் இருந்தே கதை கேட்டிருக்கிறோம். "கொஞ்சம் கூடப் போட்டா பன்றி விழும்" என்று பேசுவார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று யாரும் சொன்னதில்லை.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. "நான் ஒரு கோதுக்குக் கால் மில்லிமீற்றர் பாக்கிறேன். மருந்த தராசுல நிறுக்கிறேன். அப்படிப் பாத்தும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத்தான் சுடுறேன். நீங்க சொல்றது துவக்கு இல்லப்பா, அதிர்ஷ்டச் சீட்டு."

எங்கள் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். அளக்கக் கருவியும் பழக்கமும் சட்ட அனுமதியும் இல்லாத இடத்தில் யாரும் எந்தக் கோதையும் திரும்ப அடைக்கக் கூடாது. இலங்கையில் இதற்கு 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. அனுமதியில்லாமல் வெடிமருந்தை வைத்திருப்பதே குற்றம். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. மேலே சொன்ன கால் மில்லிமீற்றரின் கதையைக் கேட்ட பிறகு, கண்மதிப்பு என்ற சொல்லே எங்களுக்குக் கூசுகிறது. அதே நேரம், மரவள்ளியைப் பறிகொடுத்தவருக்கு வேலியும் நட்டஈடும் கொடுக்காமல் "கட்டுத்துவக்கு கட்டாதே" என்று மட்டும் சொல்கிறவர்களோடும் நாங்கள் இல்லை. விறகுக்குப் போகிறவரின் காலுக்கும் பன்றி தின்ற மரவள்ளிக்கும் பதில் ஒரே மேசையில் இருந்துதான் வர வேண்டும்.

தாத்தா சொன்னது

அன்றைக்கு ராத்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படித் திண்ணையில் தோழியின் தாத்தா உட்கார்ந்திருந்தார். முப்பது வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். நமுனுகுல மலைப்பக்கத்துச் சரிவுகளில் அவர் வெட்டாத மலை இல்லை என்பார்கள். சித்தப்பா பேசி முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:

"கவ்வாத்தும் அப்புடித்தான். வருசக் கணக்கு தொரை சொல்லுவாரு. வேருல சத்து இருக்கான்னு யாரு பாக்குறது? காஞ்ச நேரத்துல சத்தில்லாத செடிய வெட்டுனா துளிர்க்காது, தம்பி. குச்சியாத்தான் நிக்கும்."

எங்களுக்குப் பளிச்சென்றது. கவ்வாத்துக்கும் 'எத்தனை வருசத்துக்கு ஒருக்கா' என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு மலையின் உயரத்துக்கு ஏற்ற மாதிரி வருசக் கணக்கும் இருக்கிறது. ஆனால் அளக்கவும் வழி இருக்கிறது. வெட்டுவதற்கு முன் வேரை எடுத்து, குறுக்கே நறுக்கி, அயடீன் கரைசலைத் தடவ வேண்டும். கருநீலமாக மாறினால் மாச்சத்து சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் நாடு இது. ஓ.எல். விஞ்ஞானத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் நாங்களே செய்த அதே பரிசோதனைதான். தாத்தாவுக்கு அயடீன் தெரியாது. ஆனால் முப்பது வருசம் அந்தக் கேள்வி தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் உள்ள வித்தியாசம். அவருடைய இடுக்கிமானி அவர் கையில் இருக்கிறது. அளப்பதும் அவர், சீவுவதா எறிவதா என்று தீர்மானிப்பதும் அவர். எங்கள் மலையில் அளவு இல்லாமல் இல்லை. கொழுந்தை ஒரு நாளைக்குப் பல தடவை நிறுக்கிறார்கள். இத்தனை கிலோ என்றால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். ஆனால் தராசு முள்ளை அம்மாமார் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கத்தி எங்கள் கையில், கணக்கு அவர்கள் கையில். அளப்பது நல்லது என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் நாங்கள் பாதியைத்தான் சொன்னதாகும். அளக்கிற கருவி வேலை செய்கிறவரின் கையில் இருக்க வேண்டும். சித்தப்பாவின் மேசையில் எங்களுக்குப் பிடித்தது துவக்கு இல்லை, அதுதான்.

ஆகவே, எத்தனை தடவைக்கு ஒருக்கா கோதைச் சீவ வேண்டும்? ஒவ்வொரு தடவையும் ஒடுக்கிய பிறகு அளந்து பார். உச்ச நீளத்தைத் தாண்டினால் சீவு. எத்தனையாவது சீவல் என்று எழுதி வை. அடி மெலிந்தால் மனசு கேட்காவிட்டாலும் தூக்கிப் போடு. யாராவது உனக்கு ஓர் எண்ணை மட்டும் தந்தால், அது எந்தத் துவக்கில் எடுத்த எண் என்று கேள். கவ்வாத்துக்கும் சம்பளத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சித்தப்பா திரும்பிப் போகும்போது தன்னுடைய பழைய வேணியர் இடுக்கிமானி ஒன்றைத் தோழிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் எல்லோரும் ஆர்ட்ஸ் பிள்ளைகள். அதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. வாசிக்கப் பழகவே ஒரு பின்னேரம் போனது. எதை அளப்பது என்று தெரியாமல் கடைசியில் தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்தோம். வருசக் கணக்காகத் தீட்டித் தீட்டி நடுவில் பிறைபோல் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடத்தில் அகலம் 31 மில்லிமீற்றர். பிடிக்குப் பக்கத்தில் 44. தாத்தா கத்தியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்புட்டா போயிருக்கு?" என்றார்.